மூன்று புலி, பதினைந்து ஆடு

ஆடுபுலி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமம் அல்ல. ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. புலி நகரும், தாண்டும், வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. கூடி நின்று புலிக்குப் போக்கிடம் இல்லாமல் அடைப்பது ஒன்றே அதற்கு வழி. சதுரங்கத்தில் இரு படைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நகர்வு யாருக்கு என்பது மட்டும்தான் வேறுபாடு. ஆடுபுலியில் காய்களின் எண்ணிக்கை, ஆற்றல், இலக்கு என எல்லாமே வேறு. இருந்தும் ஆட்டம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. அந்தச் சமநிலை எங்கே இருக்கிறது, இருவர் ஆட்டத்தைப் பலர் ஆடும்படி மாற்றினால் அது எங்கே உடைகிறது என்பதைப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஆட்டம் வளர்ந்த ஊர்கள் எப்படிப்பட்டவை என்பதற்குத் தாமல் ஓர் எடுத்துக்காட்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அது, பெரிய ஏரியும் வராகீஸ்வரர் கோயிலும் உள்ள பழைய ஊர். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று இதன் பெயரால் வழங்கியது. தறி ஓய்ந்த நேரமும் ஏர் ஓய்ந்த நேரமும் உள்ள இத்தகைய ஊர்களின் திண்ணை, மரத்தடி, கோயில் மண்டபம் ஆகியவையே இந்த ஆட்டம் வளர்ந்த இடங்கள். கட்டம் வரையக் கரித்துண்டு போதும். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் இந்தக் கட்டம் உளியால் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். கோயிலின் வயதை அந்தக் கீறலுக்கும் ஏற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியான முறை ஆகாது. தளம் போட்டுப் பல நூற்றாண்டு கழித்தும் யாரோ ஒருவர் மழைக்கு ஒதுங்கியபோது கீறியிருக்கலாம்.

பரவலாக வழங்கும் கட்டம் இப்படி அமையும். உச்சிப் புள்ளியிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடியும். இடையில் 3 குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டி, இருபுறமும் முக்கோணத்துக்கு வெளியே நீண்டு, அங்கே பக்கக் கோடுகளால் இணையும். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் 6 புள்ளிகள், மூன்றுக்கும் 18. அடிக்கோட்டில் 4, உச்சியில் 1. மொத்தம் 23 புள்ளிகள். எல்லாக் காய்களும் இறங்கிய பின் 18 புள்ளிகள் நிரம்பி 5 புள்ளிகள் காலியாக இருக்கும். இந்த ஐந்தில்தான் ஆட்டத்தின் மூச்சு.

புலி வெட்ட வேண்டுமானால் அது, ஆடு, ஆட்டுக்கு அப்பால் ஒரு காலிப் புள்ளி ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். எனவே எந்தக் கோடும் ஊடுருவிச் செல்லாமல் எல்லாக் கோடுகளும் வந்து முடியும் புள்ளியில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அத்தகைய புள்ளிகள் 7: உச்சி, பக்கவாட்டின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். பக்கக் கோடுகளின் நடுப்புள்ளி இரண்டும் அடிக்கோட்டின் உள்புள்ளி இரண்டும் ஒரே கோட்டு வழியாக மட்டும் ஆபத்துக்கு உட்பட்டவை. மீதி 12 சந்திப்புகளும் குறுக்காகவும் சாய்வாகவும் வெட்டுப்படக்கூடியவை. கட்டம் முழுவதிலும் திசையோடு சேர்த்து எண்ணினால் 56 தாண்டல்கள் உண்டு. நன்றாக ஆடுபவர்கள் இதை எண்ணிப் பார்த்துக் கற்பதில்லை. முதல் சில ஆடுகளை ஓரத்தில் வைக்கும் அவர்கள் கையின் பழக்கம் இதே கணக்கைத்தான் செய்கிறது.

அடைப்பதற்கும் இதேபோல் ஒரு விலை உண்டு. மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே அண்டைப் புள்ளிகள். அவற்றில் ஆடு நிற்க வேண்டும். தாண்டிவிடாமல் இருக்க அந்த ஆடுகளுக்குப் பின்னாலும் ஆடு வேண்டும். ஆக 4 ஆடு. பக்கக் கோட்டின் நடுவில் நிற்கும் புலிக்கும் 4 போதும். உச்சியில் நிற்கும் புலியை அடைக்க 8, நடுக் குறுக்குக் கோட்டின் மைய இரு சந்திப்புகளில் நின்றாலும் 8. மூன்று புலிகளும் ஓரம் ஒதுங்கியிருந்தால், காவலைப் பகிராமல் கணக்கிட்டாலும் 12 ஆடு தேவை. 15 ஆட்டில் 3 உபரி. நான்காவது ஆடு வெட்டுப்பட்ட கணத்தில் கையில் 11 மட்டுமே மிஞ்சும். அதற்குமேல் ஒரே ஆடு இரண்டு புலிகளுக்குக் காவலாக நின்றாக வேண்டும், அல்லது ஒரு புலியே இன்னொரு புலியின் வழியை மறிக்கும்படி ஓட்ட வேண்டும். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அந்த எண் நான்கைந்தைச் சுற்றியே அமைவதற்குக் காரணம் இந்தப் பற்றாக்குறைதான்.

புலியின் பலமும் ஆட்டின் பலமும் ஒரே அளவுகோலில் அளக்கக்கூடியவை அல்ல என்பதும் இதில் தெரிகிறது. புலி உயிரோடு இருக்கும். ஆனால் ஓரத்துக்குத் தள்ளப்படும்போதெல்லாம் அதன் மதிப்பு பாதியாகிறது. ஆடு இறந்துபோகும்; ஆனால் ஒவ்வோர் ஆடும் போகும்போது ஒரு புள்ளி காலியாகி, அந்த இடம் வெட்டிய புலிக்கே புதிய தாண்டலைத் திறக்கிறது. இழப்பு இழப்பைக் கூட்டும் இந்த ஓட்டத்தை விதிகள் எங்காவது தடுத்தாக வேண்டும்.

அந்தத் தடுப்பின் பெரும்பகுதி காய் இறக்கும் கட்டத்தில் இருக்கிறது. ஆடுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். பதினைந்தும் இறங்கும்வரை வைத்த ஆடு நகராது. ஒவ்வோர் ஆடும் இறங்கிய பின் புலிக்கு ஒரு முறை. சில இடங்களில் புலிகள் முன்பே கட்டத்தில் நிற்கும். வேறு சில இடங்களில் முதல் மூன்று முறைகளில் ஆடும் புலியுமாக மாறி மாறி வைப்பார்கள். பார்க்கச் சிறிய வேறுபாடு. ஆனால் முதல் முறையில் ஆடுகள் இறங்கி முடியும்போது புலிகள் 15 நகர்வு செய்திருக்கும், இரண்டாவதில் 12தான். மூன்று நகர்வு என்பது இந்த ஆட்டத்தில் ஓர் ஆட்டின் விலைக்குக் குறையாது. ஓர் ஊர்க்காரர் இன்னொரு ஊரில் ஆடித் தோற்றுவிட்டு “இங்கே ஆட்டமே வேறு” என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு.

பிற நாடுகளின் ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் எண்களின் உறவு இன்னும் தெளிவாகும். இலங்கையின் ஹத் திவியன் கெளிய என்ற சிறுத்தை ஆட்டம் 10 புள்ளிகள் கொண்ட சிறு முக்கோணத்தில் ஒரு புலியும் 7 சிறுத்தையுமாக ஆடப்படுவது. நிரம்பிய பின் 2 புள்ளி காலி. நேபாளத்தின் பாக் சால் 25 புள்ளிகளில் 4 புலியும் 20 ஆடும் கொண்டது. எல்லா ஆடும் உயிரோடு இறங்கினால் காலியாக இருப்பது ஒரே ஒரு புள்ளி. அங்கே மூலைவிட்டக் கோடுகளும் இருப்பதால் மையப் புலிக்கு எட்டுத் திசை திறந்திருக்கும். அத்தனை திசை கொடுத்ததற்கு ஈடாக இடத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் நரியும் வாத்தும் ஆட்டத்தில் முதலில் 13 வாத்துகள். நரியின் கை ஓங்கியிருந்ததால் பின்னர் 15 ஆகவும் 17 ஆகவும் கூட்டினார்கள். கூட்டியதும் வாத்துகளின் கை ஓங்கவே, அவை பின்வாங்கக் கூடாது என்ற விதி சில இடங்களில் சேர்ந்தது. எண்ணிக்கையைக் கூட்டுவதும் இயக்கத்தைக் குறைப்பதுமாக, ஊர் ஊராக நடந்த சமன்செய்தல் இது.

கணினி வந்த பிறகு இந்தச் சோதனைக்குத் தலைமுறைகள் தேவைப்படவில்லை. பாக் சாலில் ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் ஆட்டம் முடியும். எனவே நகரும் கட்டத்தில் 16 முதல் 20 ஆடுவரை உள்ள நிலைகளை மட்டும் எண்ணினால் போதும்: சுமார் 35 கோடி. சதுரக் கட்டத்தின் சமச்சீரால் எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் சுமார் 9 கோடிக்குள் அடங்கும். லிம் யூ ஜின், யுர்க் நீவெர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் முடிவு நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, காய் இறக்கும் கட்டத்தை முன்னோக்கித் தேடி, இரண்டையும் இடையில் இணைத்தார்கள். இருபக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் பாக் சால் சமனில் முடியும் என்பது அவர்கள் நிறுவியது.

ஆடுபுலிக் கட்டத்துக்கும் இதே எண்ணிக்கையைப் போடலாம். 23 புள்ளிகளில் 3 புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மீதி 20 புள்ளிகளில் 15 ஆடுகளை 15,504 விதம். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். ஆடுகள் குறையக் குறைய வரும் நிலைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 185 கோடி. கட்டத்துக்கு இட வலச் சமச்சீர் மட்டுமே உண்டு என்பதால் பாதியாகத்தான் குறையும். இன்றைய சாதாரணக் கணினிக்கு எட்டாத எண் அல்ல.

ஆனால் தவறே செய்யாதவர்களுக்குச் சமமான ஆட்டம் தவறு செய்பவர்களுக்கும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புலி ஒரு நகர்வை வீணாக்கினால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். ஆடு ஒரு நகர்வைத் தவறாக வைத்தால் ஒரு காய் போய்விடும், திரும்பி வராது. புதிதாகக் கற்பவர்களிடையே புலிப் பக்கம் எளிதாக வெல்வதும், கைதேர்ந்தவர்கள் ஆட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்குவதும் இதனால்தான். விதியை மாற்ற நினைப்பவர் யாருக்காக மாற்றுகிறார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்காக இரண்டு ஆடு கூட்டினால் பெரியவர்களின் ஆட்டத்தில் புலி மூச்சுவிட முடியாது: 17 ஆடும் 3 புலியும் நின்றால் காலி இடம் 3 மட்டுமே.

திண்ணையில் இந்தச் சிக்கல்கள் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே காய் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஓயாமல் போய்வந்தால் எதிரில் இருப்பவர் சத்தம் போடுவார். சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். சென்னையில் வினிதா சித்தார்த் தொடங்கிய ‘கிரீடா’ போன்ற முயற்சிகளால் மரபு ஆட்டங்கள் விதித்தாளோடு கடைக்கு வந்தன. கைபேசிச் செயலிகளாகவும் வந்துவிட்டன. முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு ஊர் வழக்கங்களோடு, பேசிக்கொள்ளாமல் ஆடும்போது விதி மௌனமாக இருக்கும் இடமெல்லாம் தகராறாகிறது.

இருவர் போட்டிக்குத் தீர்வு எளிது. 3, 15 என்ற எண்களைத் தொடவே வேண்டாம். பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடி, வெட்டிய ஆடுகளைக் கூட்டினால் போதும். ஒருவர் புலியாக 3 ஆடு வெட்டி, மற்றவர் 4 வெட்டினால் இரண்டாமவருக்கு வெற்றி. புலிப் பக்கம் பலமா, ஆட்டுப் பக்கம் பலமா என்ற கேள்வியே விழுந்துவிடுகிறது. ஒரே ஆட்டத்துக்குத்தான் நேரம் என்றால் ஏலம் விடலாம். “நான் ஆடு, ஐந்து வெட்டினால் தோல்வி” என்று ஒருவர் சொல்ல, “நான் நான்குக்கே எடுத்துக்கொள்கிறேன்” என்று மற்றவர் குறைக்க, இறுதியில் குறைவாகக் கேட்டவருக்கே ஆடு. கோ ஆட்டத்தில் முதலில் வைக்கும் கறுப்பின் சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்கள். ஜப்பானில் அது இப்போது 6.5, சீனத்தில் 7.5. ஏலத்தில் அந்த எண்ணை ஆடுபவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி அதுவரை வெட்டியதை எண்ணுவது என்று ஒரு வரி சேர்த்தால் முடிவில்லாத நடையும் தீரும்.

வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும் என்று சிலர் சேர்க்கும் விதி ஆபத்தானது. புலிக்கு வீரம் கூட்டுவதாகத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைப் பலியிட்டுப் புலியைத் தான் விரும்பிய மூலைக்கு இழுத்துச் செல்ல முடியும்.

மூவர், நால்வர் சேரும்போதுதான் விதிகள் உண்மையில் ஆட்டம் காண்கின்றன. மிக இயல்பான யோசனை, மூன்று புலிக்கு மூன்று பேர், ஆட்டுக்கு ஒருவர் என்பது. புலிகள் வரிசையாக முறை எடுத்தால் என்ன ஆகும்? ஒரு புலி ஓர் ஆட்டை அச்சுறுத்தி நிற்கிறது. அதன் அடுத்த முறை வருவதற்குள் ஆட்டுப் பக்கம் மூன்று நகர்வு செய்துவிடும். இருவர் ஆட்டத்தில் அது ஒன்றே. அச்சுறுத்தலின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. 15 ஆடு இந்தப் புலிகளுக்கு மிக அதிகம். போதாக்குறைக்கு, முறை வந்த புலி அடைபட்டுக் கிடந்தால் அந்த முறை வீணா, அடுத்த புலிக்குப் போகுமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வீணாகும் என்றால் ஒரு புலியை அடைப்பதே பாதி வெற்றி.

வரிசைக்குப் பதில் தாயக்கட்டை உருட்டி எந்தப் புலி நகர்வது என்று முடிவு செய்யலாம். அப்போது குறிப்பிட்ட ஒரு புலிக்கு முறை வரும் வாய்ப்பு 1/3. அதன் வாயில் நிற்கும் ஆடு ஒரு முறை தாக்குப்பிடிக்க 2/3 வாய்ப்பு. இரண்டு முறைக்குள் வெட்டுப்பட 5/9. ஆட்டுக்காரர் எப்போது துணிவது, எப்போது விலகுவது என்று எடைபோட வேண்டிவரும். ஆட்டம் உயிர்பெறும், ஆனால் அது வேறொரு ஆட்டம்.

இன்னொரு சிக்கல் கணக்கு வைப்பதில். அதிகம் வெட்டிய புலிக்கே பரிசு என்றால், இரைக்கு வழி அமைத்துக் கொடுக்கும் புலி எதற்காக உழைக்க வேண்டும்? மூன்று புலிகளும் ஒரே ஆட்டைத் துரத்தி ஒன்றையொன்று மறிக்கும். ஆட்டுக்காரர் சிரமமில்லாமல் அடைப்பார். கூட்டாகவே கணக்கு வைப்பது, அல்லது வெட்டிய புலிக்கும் பக்கத்தில் நின்ற புலிக்கும் பங்கு கொடுப்பது இதற்கு மருந்து.

இருவர் ஆட்டத்தைப் பலர் ஆடும்படி மாற்றுவது எப்படி என்ற கேள்வியை இந்தியா ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சதுரங்கத்தில் சந்தித்திருக்கிறது. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, நால்வர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரிக்கிறார். பலகை அதே 64 கட்டம். காய்கள் அதே 32. ஆளுக்கு ஒரு மூலையில் அரசன், யானை, குதிரை, தேர், நான்கு காலாள். கூட்டாமல் குறைக்காமல் பங்கிட்டிருக்கிறார்கள். அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, காலாளுக்கு 1 என மதிப்பு. தன் அரசனை இழந்தவர் மற்ற மூன்று அரசர்களையும் பிடித்தால் 15. தன் அரசனையும் காத்து மூவரையும் பிடித்தால் 54. இந்த 54 எந்தச் சூத்திரத்திலும் அடங்காது, வழக்கத்தால் ஒப்புக்கொண்டது என்பதை அல்-பிரூனியே குறிப்பிடுகிறார். கணித ஒழுங்கு இல்லாத அந்த எண் ஆட்டத்துக்கு நல்லது செய்தது. நால்வர் ஆட்டத்தில் மூவர் கூடி ஒருவரை வீழ்த்துவதும், தோற்கப்போகிறவர் யார் வெல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் தவிர்க்க முடியாத நோய்கள். தன் அரசனை விடாமல் காப்பதற்கு இத்தனை பெரிய பரிசு இருந்தால், அவசரப்பட்டுக் கூட்டணியில் விழுபவருக்கு இழப்பும் பெரிது. பகடை இன்னொரு காவல்: நினைத்த நேரத்தில் நினைத்த காய் நகராது என்பதால் சதி எப்போதும் பலிக்காது.

நால்வருக்கு இன்னொரு வழி இரண்டு பலகை. சதுரங்கத்தில் ஒரு பலகையில் வெட்டிய காயைக் கூட்டாளி தன் பலகையில் இறக்கும் இணை ஆட்டம் உலகெங்கும் உண்டு. ஆடுபுலியில் ஒருவர் புலியாக வெட்டிய ஆட்டை, பக்கத்துப் பலகையில் ஆட்டுப் பக்கம் ஆடும் கூட்டாளிக்குக் கொடுக்கலாம். கணக்குப் போடாமல் இதை அனுமதித்தால் ஆட்டம் கெடும். கூட்டாளி இன்னும் ஓர் ஆடும் இழக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவது ஆடு வந்து சேரும்போது 20 ஆடும் 3 புலியும் 23 புள்ளிகளையும் நிரப்பிவிடும். புலிகள் எந்தத் திறமையாலும் தப்ப முடியாமல் தாமாகவே அடைபடும். கைமாறும் ஆடு இரண்டுக்கு மேல் போகக் கூடாது, அல்லது இழந்த இடத்தை நிரப்ப மட்டுமே பயன்பட வேண்டும் என்று வரம்பு கட்டினால் இந்த வடிவம் நிற்கும். பலர் ஆட்டங்களில் மரபுக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான். கட்டமும் காயும் நகர்வும் மாறவில்லை. கைமாறல் ஒன்றே புதிது.

எந்த மாற்றமானாலும் ஆடிப் பார்த்தே ஏற்க வேண்டும். எத்தனை ஆட்டம் ஆடினால் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. சம பலமுள்ளவர்கள் பக்கம் மாற்றி 20 ஆட்டம் ஆடி, புலி 12 வென்றால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. நாணயம் சுண்டினாலும் அப்படி வரும். புலிக்கு 55 விழுக்காடு சாதகம் இருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு அறியச் சுமார் 400 ஆட்டம் வேண்டும். 52 விழுக்காட்டைப் பிரித்தறியச் சுமார் 2,500. ஒரு ஊரின் திண்ணைகளில் இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். தன்னோடு தானே ஆடும் கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் கணினி எண்ணுவது கணினிகளுக்கு இடையிலான சமநிலையை. எனவே அதே விதியை, புதியவர்களிடமும் தேர்ந்தவர்களிடமும் தனித்தனியாக ஆடவைத்து, இரண்டு எண்களையும் கணினியின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே விதித்தாளில் ஏற்றுவது முறை.